முந்திரிப் படத்துக்கு லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை: இன்ஸ்டாகிராமில் என்ன செய்யலாம்?

பண்ருட்டிப்பருப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்து முந்திரிதான் தொழில். பண்ருட்டிப் பக்கம் சிறிய தோப்பும் உடைக்கும் கொட்டகையும் இருக்கின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலில் தோப்பு முழுவதும் சாய்ந்தது. மறுபடி நட்டு வளர்த்த மரங்களிலிருந்து இப்போது நல்ல காய்ப்பு வருகிறது. ஆனால் மொத்த வியாபாரியிடம் கொண்டுபோனால் அவர் சொல்வதுதான் விலை. வீடுகளுக்கு நேரடியாக விற்றால்தான் மரம் வைத்தவனுக்கு ஏதாவது மிஞ்சும் என்று இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கினேன்.

புதுச்சேரிக்குப் போய் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி இவற்றின் முன்னால் பொட்டலத்தை வைத்துப் படம் எடுத்தோம். கடலூர் சில்வர் பீச்சில் சூரியன் உதிக்கும்போதும் எடுத்தோம். லைக் குறைவில்லாமல் வருகிறது, பின்தொடர்பவர்களும் கூடுகிறார்கள். உணவுப் பக்கம் நடத்தும் ஒருவருக்குப் பணம் கொடுத்து ரீல்ஸும் போட்டோம். பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் கருத்துப் பகுதியில் கேட்டதெல்லாம் "இந்தக் கடற்கரை எங்கே இருக்கிறது?" என்பதுதான். முந்திரி என்ன விலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

படம் நன்றாக இருந்தும் பொட்டலம் நகரவில்லை. எங்கே கோளாறு? இங்கே இதில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மஞ்சள் சுவர் விற்பது புதுச்சேரியை. சூரிய உதயம் விற்பது கடற்கரையை. பார்க்கிறவர் கண் எதன் மேல் நின்றதோ அதைப் பற்றித்தானே கேட்பார்? பருப்பு அந்தப் படத்தில் ஒரு விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

நான் கடலூரில் திருமணப் படம் எடுப்பவன். கடைகளுக்கும் பொருள் படம் எடுத்துத் தருகிறேன். முந்திரிக்கு என்ன எடுக்கலாம் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

உங்கள் கொட்டகையில் தரம் பிரிக்கும் மேசை இருக்குமே, அங்கிருந்து தொடங்குங்கள். வெள்ளை முழுப்பருப்பை டபிள்யூ 180, 210, 240, 320 என்று பிரிக்கிறீர்கள். அந்த எண் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைக் காட்டுவது. எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். இது உங்களுக்கு எழுத்து கற்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். சென்னையில் பல்பொருள் அங்காடியில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து வாங்குகிற குடும்பத்தலைவிக்குத் தெரியாது. "கிலோவுக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன்?" என்று குழம்பிப் போய்க் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போகிறார். கறுப்புக் கடப்பைக்கல்லின் மேல் நான்கு குவியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ரூபாய் நாணயம். அவ்வளவுதான் படம். அடுத்த படத்தில் ஒவ்வொரு தரத்திலும் ஒரு பருப்பை உள்ளங்கையில் வைத்து எடுங்கள். அதற்கடுத்து பாதிப் பருப்பு, உடைப்பு என்கிற உடைந்த துண்டுகள். ஒரே பதிவில் தள்ளித் தள்ளிப் பார்க்கும்படி வரிசையாகப் போடுங்கள். 2017இல் இந்த வசதி வந்தபோது 10 படம்தான் போட முடிந்தது. 2024இலிருந்து 20 வரை போடலாம். ஆனால் 20 போடுவதற்காக 20 போடாதீர்கள். ஏழெட்டில் விஷயம் முடிந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். கடையின் டியூப் லைட்டில் எடுத்தால் பருப்பில் பச்சை ஓடும், மஞ்சள் பல்பில் எடுத்தால் பழைய சரக்கு போலத் தெரியும். காலையில் வெயில் நேராக விழாத திண்ணையிலோ வாசல் நிழலிலோ வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். திரையில் பருப்பைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெள்ளைப் பொருள் எதை எடுத்தாலும் இதைச் செய்யாவிட்டால் பருப்பின் வரிகள் எல்லாம் அழிந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி வரும்.

ஃபில்டரைத் தொடவே வேண்டாம். முந்திரியில் நிறம்தான் தரம். வெள்ளை முழுப்பருப்பு ஒரு விலை, வறுபட்டுப் பழுத்த நிறத்துக்கு வந்த பருப்பு வேறு விலை. இரண்டையும் ஒரே ஃபில்டர் வெள்ளையாக்கிவிடும். வீட்டில் பொட்டலத்தைப் பிரிப்பவர் அந்த நிறம் இல்லை என்றால் அடுத்த முறை உங்களிடம் வாங்க மாட்டார்.

அளவைப் பற்றி ஒரு வரி: தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் சதுரப் படம் மட்டுமே ஏற்றது, 2015 ஆகஸ்டில்தான் மற்ற வடிவங்களை விட்டது. இப்போது நெட்டுப் படம்தான் திரையை நிறைக்கும். 1080க்கு 1350 பிக்சல் வைத்து எடுங்கள். பொருள் நடுவில் இருக்கட்டும், முகப்புப் பக்கத்தில் ஓரம் வெட்டுப்படலாம்.

---

தாழ்வாரம் எழுதியது:

கெடிலக்கரை அண்ணா, மஞ்சள் சுவரை இவ்வளவு குறைத்துச் சொல்ல வேண்டாம். புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்துகிறேன். எனக்கு அந்தச் சுவர் சோறு போடுகிறது! சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதிக்கு வருபவர் வாங்குவது ஊரைத்தான். அவருக்கு ஊரைக் காட்டாமல் எதைக் காட்டுவது?

ஆனால் ஒன்று. என் விடுதி இருப்பது தமிழர் பகுதியில், கால்வாய்க்கு மேற்கே. திண்ணை, தெருப் பக்கம் இறங்கும் தாழ்வாரம், உள்ளே முற்றம், மரத் தூண்கள். வைசியாள் தெருவில் நடந்து பாருங்கள், கண் நிறையும். படம் எடுக்க வருபவர்களில் பாதிப்பேர் கால்வாயைத் தாண்டுவதே இல்லை. அதனால் நான் கிழக்கே பிரெஞ்சுப் பகுதிக்குப் போய் மஞ்சள் சுவர் தேடுவதை விட்டுவிட்டு, என் வாசல் திண்ணையைத்தான் எடுக்கிறேன். அது வேறு யாரிடமும் இல்லை. பாட்டியை அழைத்து வருபவர்களுக்காக மாடிப்படி எத்தனை உயரம் என்று ஒரு படம் இருக்கிறது. குளியலறைப் படம் இருக்கிறது. அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன தெரிகிறது என்பதும் இருக்கிறது, அது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியாகவே இருந்தாலும். தொலைபேசியில் என்னிடம் கேட்கும் கேள்விகள்தான் என் படங்களின் பட்டியல்.

தம்பிக்கு நான் சொல்வது: உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது, அது தோப்பு. பழம் தொங்க, அதன் அடியில் கொட்டை தொங்குகிற அந்தக் காட்சியைப் பார்த்திராதவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே லட்சக்கணக்கில் இருப்பார்கள். அதை விட்டுவிட்டு எங்கள் ஊர்ச் சுவருக்கு ஏன் வருகிறீர்கள்?

---

முத்தியால்பேட்டைவீடு எழுதியது:

நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வேண்டும் என்று எழுதுகிறேன்.

விலை எங்கே? பத்துப் படம் தள்ளிப் பார்த்தாலும் விலை இருக்காது. "விலைக்குத் தனிச் செய்தி அனுப்பவும்" என்றிருக்கும். நான் அனுப்ப மாட்டேன். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் என்னைப் போன்ற பலருக்கு உண்டு. கடையில் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடலாம், இங்கே அது முடியவில்லை. எனக்குத் தேவை நான்கு விவரம்: எடை, விலை, எந்தத் தேதியில் பொட்டலம் கட்டியது, வீட்டுக்கு எப்படி வரும்.

இன்னொன்று. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் முழுப்பருப்பு எதற்கு? நெய்யில் வறுத்துப் போட உடைப்பே போதும், குழம்புக்கு அரைத்து விடுவதற்கு அதைவிடச் சின்னத் துண்டு போதும். ஆனால் இன்ஸ்டாகிராமில் உடைப்பின் படத்தை யாருமே போடுவதில்லை. பெரிய முழுப்பருப்பை மட்டும் அலங்கரித்துக் காட்டுகிறார்கள். அது பரிசுப் பெட்டிக்கு வாங்குபவருக்கு. மாதாமாதம் வாங்கும் எனக்கு எதையும் காட்டவில்லையே?

---

பண்ருட்டிப்பருப்பு எழுதியது:

அக்கா, உடைப்பைக் காட்டினால் தரம் குறைந்த கடை என்று நினைப்பார்களோ என்றுதான் மறைத்து வைத்திருந்தோம். உடைப்புதான் எங்களிடம் தேங்குகிறது. நீங்கள் சொன்னது பெரிய விஷயம்.

விலை போடாததற்குக் காரணம், அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. பழைய பதிவில் இருக்கும் விலையைக் காட்டி அதே விலைக்குக் கொடு என்கிறார்கள். இதற்கு என்ன வழி?

---

நெல்லித்தோப்பு எழுதியது:

வழி எளிது. நான் துணிக்கடைகள், பேக்கரிகள் சிலவற்றின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். மாறும் விலையைப் பதிவில் போடக் கூடாது, ஸ்டோரியில் போட வேண்டும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதை "இன்றைய விலை" என்ற பெயரில் ஹைலைட்ஸில் சேர்த்துவிட்டால் முகப்பிலேயே நிற்கும். விலை மாறும் நாளில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். பதிவின் கீழே "இன்றைய விலை ஹைலைட்ஸில்" என்று ஒரு வரி. வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் பொருள் பட்டியலிலும் (கேட்டலாக்) அதே விலை இருக்கட்டும். இரண்டு இடத்தில் இரண்டு விலை இருந்தால் நம்பிக்கை போய்விடும்.

இனி, இன்ஸ்டாகிராம் யாருக்கு எதைக் காட்டுகிறது என்பது. "அல்காரிதம்" என்று ஒரே பூதம் உட்கார்ந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் தலைவர் ஆடம் மொசெரி 2021இலேயே விளக்கிவிட்டார்: முகப்புப் பதிவுகள், ஸ்டோரி, ரீல்ஸ், தேடல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசைமுறை. 2025 தொடக்கத்தில் அவர் சொன்னது நமக்கு இன்னும் பயன்படும். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் இடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும் முக்கியம். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் போய்ச்சேர லைக் உதவும், நம்மைத் தெரியாதவர்களிடம் போய்ச்சேர அனுப்புதல்தான் கூடுதலாக உதவும்.

ஆகவே படம் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: இதை ஒருவர் தன் அம்மாவுக்கோ நாத்தனாருக்கோ அனுப்புவாரா? பொட்டலமும் மஞ்சள் சுவரும் இருக்கும் படத்தை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். "320க்கும் 180க்கும் என்ன வித்தியாசம்" என்ற படத்தை அனுப்புவார்கள். "தீபாவளிக்கு இதை வாங்கலாமா?" என்று கேட்டு அனுப்புவார்கள். கணக்கைப் பிசினஸ் வகைக்கு மாற்றியிருந்தால் எந்தப் பதிவை எத்தனை பேர் சேமித்தார்கள், அனுப்பினார்கள் என்பதை இன்சைட்ஸ் பகுதியில் பார்க்கலாம். லைக் எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்த இரண்டையும் பாருங்கள்.

பெயர்ப் பகுதியில் கடைப் பெயரை மட்டும் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேடுபவர் உங்கள் கடைப் பெயரைத் தெரிந்து தேடுவதில்லை, "பண்ருட்டி முந்திரி" என்று தேடுகிறார். அந்தச் சொல் பெயரிலும் பயோவிலும் கேப்ஷனிலும் இருக்க வேண்டும், தமிழிலும் ஆங்கில எழுத்திலும். 2025 ஜூலையிலிருந்து தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருகின்றன. எனவே கேப்ஷனில் இதயமும் பூவும் மட்டும் போட்டுவிட்டு நகர்வது இப்போது வீண்செலவு. ஹேஷ்டேக் மூன்று நான்கு போதும். கொத்துக் கொத்தாக ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

பாட்டு விஷயம்: பிசினஸ் கணக்கில் திரைப்பாடல்கள் பெரும்பாலும் கிடைக்காது. உரிமைப் பிரச்சினை. அதற்காகக் கணக்கை மாற்றாதீர்கள். முந்திரிக் கொட்டை உடைபடும் சத்தமே போதும்.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

சத்தம் என்று சொன்னதும் எழுதுகிறேன். நாங்கள் கருவாடு விற்கிறோம். அலங்காரமாக எடுத்த படம் எதுவும் எங்களுக்கு விற்றுக் கொடுக்கவில்லை. மணலில் போடாமல் உயரமான வலைத்தட்டியில் காயவைப்பதை என் தங்கை கைப்பேசியில் எடுத்துப் போட்டாள். பேச்சில்லை, பாட்டில்லை, காற்றின் சத்தமும் கடல் சத்தமும்தான். "மணல் இருக்காதா?" என்று காலங்காலமாகக் கேட்டவர்களுக்கு அதுதான் பதில். இப்போது அதைக் கணக்கின் மேலேயே எப்போதும் நிற்கும்படி "பின்" (pin) செய்து வைத்திருக்கிறோம். மூன்று பதிவுகள் வரை அப்படி வைக்கலாம்.

---

வில்லியனூர்க்களிமண் எழுதியது:

எங்களுடையது சுடுமண் வேலை. வில்லியனூர்ச் சுடுமண் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் உண்டு. அப்படியிருந்தும் பல ஆண்டுகள் எங்கள் பொருளை இடைத்தரகர்தான் நகரத்துக்கு எடுத்துப் போனார். நான் படிப்பறிவு அதிகம் இல்லாதவள், பிள்ளைகள் உதவியால் கணக்கு நடத்துகிறேன். எங்கள் அனுபவத்தில் பெரிய தொல்லை அளவு.

படத்தில் யானை பெரிதாகத் தெரியும். வீட்டுக்கு வந்தால் உள்ளங்கை உயரம். "இவ்வளவு சின்னதா?" என்று கோபம். அளவைச் சென்டிமீட்டரில் எழுதியும் யாரும் படிப்பதில்லை. அதனால் இப்போது எந்தப் படமாக இருந்தாலும் ஒரு கை இருக்கும். என் கையோ மருமகள் கையோ. கொலு பொம்மை என்றால் படியில் வைத்து, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளைப் பக்கத்தில் வைத்தால் அளவு கேட்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள், திரும்பி வரும் பொருளும் குறைகிறது.

சுட்டு முடித்த பானையை விரலால் தட்டிக் காட்டுவேன். நன்றாக வெந்த மண் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் மந்தமாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஒரு கட்டட நிபுணர் தோட்டத் தொட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். நிறத்தையும் மறைப்பதில்லை. சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்தது ஒரு நிறம், தள்ளி இருந்தது வேறு நிறம். "ஒன்றைப் போல ஒன்று இருக்காது" என்று எழுதியே விற்கிறோம்.

ஒரு மனக்குறை. என் படங்களை அப்படியே எடுத்து, வெளியூர்க் கடை ஒன்று தன் பக்கத்தில் போட்டு விற்கிறது. அனுப்புவது அச்சில் வார்த்த மலிவுப் பொருள். என் மருமகளின் வளையல் தெரிகிற கை அந்தக் கடைப் பக்கத்தில் இருக்கிறது! வாங்கி ஏமாந்தவர் என்னைத் தேடி வந்து திட்டினார். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

---

வரவுசெலவு எழுதியது:

முடியும் அம்மா. படத்தை எடுத்தவருக்குத்தான் அதன் பதிப்புரிமை; 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்ஸ்டாகிராமில் பதிப்புரிமை மீறல் குறித்துப் புகார் செய்யும் படிவம் இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் உள்ள மூலப் படம், முதலில் நீங்கள் பதிவிட்ட இணைப்பு, அவர்கள் போட்ட இணைப்பு மூன்றையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பூர்த்தி செய்யச் சொல்லுங்கள். மூலப் படங்களை அழிக்காதீர்கள். கூலி கொடுத்துப் புகைப்படக்காரரை வைத்து எடுப்பவர்களுக்கு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. கெடிலக்கரை கோபித்துக்கொள்ள வேண்டாம், இரு தரப்பும் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுபவன். இழையைத் தொடங்கிய தம்பி இரண்டைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பணம் கொடுத்துப் போட்ட ரீல்ஸ். அதில் "விளம்பரம்" என்று குறித்திருந்தாரா? இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூன் 14 முதல் அந்தக் குறிப்பு வேண்டும் என்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரம் தருபவருக்கும் அது பொருந்தும். பழுத்த பருப்பை ஃபில்டரால் வெள்ளையாக்கி வெள்ளைப் பருப்பின் விலைக்கு விற்பதும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதுதான்.

இரண்டாவது, நம் பகுதிக்கே உரிய சிக்கல். கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். பெண்ணையாற்றைத் தாண்டி ஒரு கிலோ பருப்பு போனாலும் அது ஜிஎஸ்டி கணக்கில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. பொருளை அப்படி விற்பவருக்கு, விற்பனை வரம்புக்குக் கீழே இருந்தாலும் பதிவு தேவைப்படும். இன்ஸ்டாகிராமுக்கு எல்லை கிடையாது. ஆர்டர் எங்கிருந்தும் வரும். வில்லியனூர் அம்மாவின் சுடுமண் வேலை போன்ற கைவினைப் பொருள்களுக்கு வரம்புக்கு உட்பட்ட விலக்கு இருக்கிறது, முந்திரிக்கு இல்லை. முதல் வெளியூர்ப் பொட்டலம் போவதற்குள் உங்கள் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். படத்திலும் அது படிக்கும்படி தெரியட்டும்.

---

கெடிலக்கரை எழுதியது:

கோபமில்லை ஐயா, நான் எழுத்தில்தான் கொடுக்கிறேன். தம்பி, உடைக்கும் கொட்டகையைப் படம் எடுத்தீர்களா? இன்னும் அதைப் பற்றிச் சொல்லவில்லையே.

---

பண்ருட்டிப்பருப்பு எழுதியது:

அதில்தான் வீட்டில் வாக்குவாதம் அண்ணா. முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். உடைக்கும் அக்காக்கள் கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உட்காருவார்கள். கை கறுத்திருக்கும். என் தம்பி சொல்கிறான், இதைக் காட்டினால் "சுத்தம் இல்லை" என்று வாங்க மாட்டார்கள். அம்மா சொல்கிறார், "அந்தக் கைகள் இல்லாமல் பருப்பு எங்கிருந்து வருகிறது? காட்டு." எனக்கு அம்மா பக்கம்தான் மனம். ஆனால் துணிவு வரவில்லை.

---

தாழ்வாரம் எழுதியது:

காட்டுங்கள், ஆனால் அவர்களிடம் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். எங்கள் தெருவில் கோலம் போடும் பெண்களைக் கேட்காமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எத்தனை எரிச்சலாக இருக்கிறது தெரியுமா? வேலை செய்யும் பெண் முதலாளி கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார். ஆகவே அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். முகம் வேண்டாம் என்றால் கை மட்டும். எடுத்த பிறகு அவர்களுக்குக் காட்டி, சரி என்றால் மட்டும் போடுங்கள்.

---

வில்லியனூர்க்களிமண் எழுதியது:

கறுத்த கையோடு நிறுத்திவிடாதீர்கள் தம்பி. தோட்டை உடைப்பது ஒரு கை, உள்தோலை உரிப்பது ஒரு கை, தரம் பிரிப்பது ஒரு கை. மூன்றையும் வரிசையாகக் காட்டினால் கடைசியில் பருப்பைத் தொடுவது எந்தக் கை என்பது பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். என் கையிலும் மண்தான். அதைப் பார்த்து யாரும் இதுவரை அருவருத்ததில்லை.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

அந்த அக்காக்களுக்குக் கையுறை கொடுத்துவிட்டும் எடுக்கலாமே? படத்துக்காக என்று சொல்லவில்லை. அரிப்பு அரிப்புதானே.

---

பண்ருட்டிப்பருப்பு எழுதியது:

கையுறை போட்டால் கொட்டை பிடிபடவில்லை, வேகம் குறைகிறது, கூலி கிலோ கணக்கில் என்பதால் வேண்டாம் என்கிறார்கள். அதாவது பிரச்சினை கையுறையில் இல்லை, கூலிக் கணக்கில். மெல்லிய வகை வாங்கி வந்து, பழகும் வரை நாள் கூலியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நேரடி விற்பனை ஏறினால்தான் இதற்கெல்லாம் கை நீளும். அதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

எல்லாரும் சொன்னதை வைத்து ஒரு கேப்ஷன் எழுதியிருக்கிறேன். திருத்திக் கொடுங்கள்:

"பண்ருட்டி முந்திரி உடைப்பு. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் இதுவே போதும், முழுப்பருப்பு வேண்டியதில்லை. அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்கள். எங்கள் கொட்டகையில் உடைத்து, உரித்து, பிரித்தது. நிறம் படத்தில் உள்ளபடியே இருக்கும். இன்றைய விலை ஹைலைட்ஸில். கடலூர் மஞ்சக்குப்பம் கடையில் நேரில் வாங்கலாம், கூரியரிலும் அனுப்புகிறோம்."

---

முத்தியால்பேட்டைவீடு எழுதியது:

நன்றாக இருக்கிறது. கால் கிலோவும் சேருங்கள். தெரியாத கடையில் முதல் முறையே அரைக் கிலோ வாங்க மாட்டேன். பொட்டலம் கட்டிய தேதியைக் காணோம். கூரியர் கட்டணம் தனியா, சேர்த்தா?

---

நெல்லித்தோப்பு எழுதியது:

முதல் வரியே திரையில் தெரியும், மற்றது "மேலும்" என்பதற்குள் போய்விடும். ஆகவே "பாயசத்துக்கு முழுப்பருப்பு வேண்டியதில்லை" என்பதை முதலில் கொண்டுவாருங்கள், "பண்ருட்டி முந்திரி உடைப்பு" அதற்கடுத்து வரட்டும். பணம் போட்டு இதைப் பரப்புவதாக இருந்தால், அதிக லைக் என்பதைக் குறிக்கோளாகத் தேர்ந்தெடுக்காமல் "செய்திகள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஊர் சென்னை, கடலூர், விழுப்புரம் மட்டும் போதும். ஆடிட்டரைப் பார்த்த பிறகு புதுச்சேரி.

---

வரவுசெலவு எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு நன்றி.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

ஒரு கேள்வியோடு நானும் முடிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு வெயிலே கிடையாது. மீன் காயாது, படம் எடுக்க வெளிச்சமும் இல்லை. அந்த இரண்டு மாதம் கணக்கு தூங்கிவிடுகிறது. முந்திரிக்கும் அப்படித்தானே?

---

கெடிலக்கரை எழுதியது:

முந்திரிக்கு அறுவடை பங்குனி சித்திரையில். தோப்புப் படங்களையெல்லாம் அப்போதே எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். உங்களுக்கு மாசி முதல் ஆனி வரை வெயில் இருக்கிறது, தட்டியில் காயும் படங்களை அப்போது எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழையில் போடும்போது "சித்திரையில் காயவைத்தது" என்று எழுதிவிடுங்கள், நேற்று எடுத்ததுபோல் காட்ட வேண்டாம். மழைநாளின் மேகமூட்டத்தில் வாசலோரம் கிடைக்கும் வெளிச்சம் பொட்டலத்துக்கும் சமைத்த குழம்புக்கும் மிகவும் நல்லது, நிழல் கடுமையாக விழாது. கருவாட்டுக் குழம்பை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழையில்தான் அதைத் தேடி வாங்குவார்கள். தம்பி, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்கு வருகிறேன். கடப்பைக்கல் என்னிடம் இருக்கிறது, நாணயமும் தராசும் நீங்கள் எடுத்து வையுங்கள்.